கூகை கக்கிய உருண்டைகள்: 12 பிரித்தாயிற்று

பன்னிரண்டாவது உருண்டையையும் நேற்று பிரித்து முடித்துவிட்டேன். நோட்டில் இருக்கும் கணக்கு இதுதான்: 12 உருண்டை, 37 உயிர். சுண்டெலி 21, பெரிய எலி 5, மூஞ்சூறு 10, பறவை 1. இதில் மூன்று உருண்டைகளின் கணக்கு கொஞ்சம் ஆடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: கூகை என்னும் ஆந்தை சின்ன எலியைக் கிழித்துத் தின்பதில்லை, முழுசாக விழுங்கிவிடும். சதை செரித்துவிடும். மயிரும் எலும்பும் இரைப்பையிலேயே உருண்டு திரண்டு, சில மணி நேரம் கழித்து வாய் வழியாக வெளியே வரும். எச்சம் வேறு, இது வேறு. அன்றைக்கு விழுந்தது என்றால் வார்னிஷ் பூசியது போலக் கறுப்பாகப் பளபளக்கும். நாள்பட்டது சாம்பல் பூத்து உதிரும். பறவையைப் பிடிக்காமல், கூட்டைத் தொடாமல், அது அடையும் இடத்துக்குக் கீழே கிடப்பதைப் பொறுக்கியே அதன் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ளலாம். என்னை இதில் இழுத்தது அதுதான். அது வேட்டைக்குக் கிளம்பிய பிறகுதான் போவேன். குஞ்சு இருக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆரம்பத்தில் பருந்து உட்காரும் ஒரு மரத்தடியிலும் சில உருண்டைகள் கிடைத்தன. பிரித்தால் மயிர், இரண்டு நகம், வண்டின் ஓடு, அவ்வளவுதான். ஒரு மண்டை ஓடுகூட இல்லை. பருந்து சதையைக் கிழித்துத் தின்கிறது, பாதி எலும்பை வெளியிலேயே விட்டுவிடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று அமிலம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த கேரி டியூக் குழுவினர் 1975இல் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இரைப்பை நீரின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பகலில் வேட்டையாடும் பறவைகளுக்குச் சராசரி 1.6, ஆந்தைகளுக்கு 2.35. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் அமிலச் செறிவில் ஐந்து மடங்குக்கு மேல். விழுங்கின எலும்பும் பருந்தின் வயிற்றில் கரைந்துபோகிறது. சரி, எலும்பை எண்ண வேண்டும் என்றால் கூகைதான் என்று முடிவு செய்தேன்.

முதல் உருண்டையைக் காய்ந்தபடியே கையால் பிய்த்தேன். மூன்று மண்டை ஓடுகளின் மூக்கெலும்பு நொறுங்கிப்போனது. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊசியாலும் சிறு இடுக்கியாலும் மயிரை ஒதுக்குகிறேன். ஊறின பிறகு மயிர் பஞ்சு போல விலகிக்கொடுக்கிறது. அதற்கு முன்னால் உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி, சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைக்கிறேன். நோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு, ஃப்ரீசரில் வைப்பதால் அது சாகாது. கையுறை, முகமூடி இரண்டும் கட்டாயம்.

இந்த ஓவன் பழக்கம் வருவதற்கு முன்னால் நடந்ததுதான் அந்த ஆட்டம் காணும் கணக்கு. மூன்று உருண்டைகளை ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். சில வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே அந்துப்பூச்சியின் புழுக்கள். கம்பளியைத் தின்னும் அதே வகை. மயிரை எல்லாம் தின்று தீர்த்து, எலும்பை மட்டும் சுத்தமாக ஒரே குவியலாக விட்டு வைத்திருந்தன. எந்த எலும்பு எந்த உருண்டையிலிருந்து வந்தது என்று இனி சொல்லவே முடியாது. மொத்தத்தை மட்டும் எண்ணி, தனிக் குறியோடு எழுதி வைத்தேன்.

எண்ணுவதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். மண்டை ஓட்டை மட்டும் எண்ணினால் கணக்கு குறையும். ஏழாவது உருண்டையில் சுண்டெலி மண்டை ஓடு 3, இடது கீழ்த்தாடை 4, வலது கீழ்த்தாடை 2. ஒரு எலிக்கு இடது தாடை ஒன்றுதானே. ஆகவே குறைந்தபட்சம் நான்கு எலி. ஒவ்வொரு இனத்துக்கும் இப்படி எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் எழுதின முதல் நான்கு உருண்டைகளைத் திரும்ப எண்ணினேன், இரண்டு எலி கூடிற்று.

இனம் பிரிக்கக் கைலென்ஸ் போதும். சுண்டெலியின் மேல் வெட்டுப்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் நுனிக்கு உட்புறம் படி வெட்டினது போல ஒரு பள்ளம் தெரியும். பெரிய எலிக்கு அது கிடையாது. மூஞ்சூறைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். எலிக்கு வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி, மூஞ்சூறுக்கு முள்வேலி போல வரிசையாகக் கூர்ப்பற்கள். கன்ன எலும்பு வளைவே இல்லாமல் மண்டை ஓடு ஒல்லியாக நீண்டிருக்கும். சில மூஞ்சூறு இனங்களுக்கு இரும்பு ஏறிப் பல்நுனி செம்பழுப்பாக இருக்கும். எனக்குக் கிடைத்த பத்தும் வெள்ளைப் பல். பத்து மூஞ்சூறை நான் எதிர்பார்க்கவே இல்லை. கீச்சிட்டுக்கொண்டே போகும் பிராணி என்பதால் சுலபமாக மாட்டுகிறதோ என்று ஒரு யோசனை. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் கும்மிருட்டு அறையில் கூகையை விட்டு, அது காதை மட்டும் நம்பி எலியைப் பிடிப்பதைக் காட்டினார். எலிக்குப் பின்னால் சரசரக்கும் ஒன்றை இழுபடவிட்டபோது கூகை அடித்தது எலியை அல்ல, சத்தம் வந்த இடத்தை. ஆனால் அந்தப் பக்கத்தில் மூஞ்சூறுகளே அதிகமாக இருக்கலாம். உருண்டையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், பல்லின் பளபளப்பு. 1990இல் பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற ஆய்வாளர், குகைகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு புதைபடிவ எலும்புகளை எந்த வேட்டைப் பிராணி அங்கே சேர்த்தது என்று பல்லில் அமிலம் அரித்த அளவை வைத்துப் பிரித்துக் காட்டினார். மிகக் குறைவாக அரிப்பது கூகை. என்னிடம் இருக்கும் வெட்டுப்பற்களை லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் எனாமல் கண்ணாடி போல அப்படியே இருக்கிறது, இரண்டில் மட்டும் நுனி மங்கியிருக்கிறது.

அந்த ஒரே பறவை பத்தாவது உருண்டையில் வந்தது. மண்டை ஓடு காகிதம் போல மெல்லியது, அலகு குட்டையாகத் தடித்துக் கூம்பாக இருக்கிறது. விதை தின்னும் பறவை என்பது வரை சரி. மார்பெலும்பும் ஒரு தோள் எலும்பும் சேதமில்லாமல் கிடைத்தன, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த ஐந்து உருண்டைகளையும் எடுத்து வந்து ஓவனில் வைத்தாயிற்று. ஒவ்வொன்றும் தனி டப்பா, மூடி மேல் தேதி.