காணி யார் பெயரில்?

மட்டக்களப்பில் ஊர் அமைப்புகளுக்கு யாப்பு, அதாவது அமைப்பின் விதிகள், எழுதவும் பதிவு செய்யவும் உதவுகிற வேலை எனக்குப் பல வருடப் பழக்கம். வருகிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே பதிய வேண்டும் என்பதைத்தான். பிரதேச செயலகமா, மாவட்டச் செயலகமான கச்சேரியா, கொழும்பா? அதற்குப் பதில் சொல்லுமுன் நான் வேறொன்று கேட்பேன். உங்கள் அமைப்பின் கையில் நாளைக்கு என்ன இருக்கப் போகிறது? மாதச் சந்தா மட்டுமா, வெளிநாட்டுப் பணமா, கட்டடமா, காணியா? இது தெளிவானால் எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் கடல்கோளுக்குப் பின் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கல்லாறு, களுவாஞ்சிக்குடி, வாகரை என்று கரையோரம் முழுவதும் உதவிப் பணம் வந்தது. பதிவு இலக்கம் இல்லாத அமைப்புக்குப் பணம் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அதனால் அவசர அவசரமாகப் பதிந்தார்கள். ஒரு அமைப்பின் யாப்பை இன்னொன்று அப்படியே பிரதி எடுத்தது. பக்கத்து ஊரின் பெயர் உள்ளே அழிக்கப்படாமல் கிடந்த யாப்புகளை நானே படித்திருக்கிறேன். உதவி நின்ற பிறகுதான் கட்டடம் யாருடையது, மோட்டார் சைக்கிள் யாருடையது என்ற பிணக்குகள் கிளம்பின. யாப்பில் கலைப்பு பற்றிய பிரிவு சரியாக எழுதப்பட்ட இடங்களில் அது ஒரு பொதுக்கூட்டத்தோடு தீர்ந்தது. எழுதப்படாத இடங்களில் உறவினர்களே ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தொடங்க விரும்பினார்கள். அவர்களோடு வேலை செய்த காலம் எனக்கு மிகவும் பிடித்த காலம். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வயலுக்கோ கூலிக்கோ போய் வர வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம், தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதியவும் மேற்பார்வை செய்யவும் வந்தது. உடல், உளக் குறைபாடுள்ளோர், வறியோர், நோயாளர், அநாதைகள், ஆதரவற்றோர் ஆகியோருக்கான சேவையும் அனர்த்த நிவாரணமும் அதன் எல்லைக்குள் வருகின்றன. தாய்மாரின் நோக்கம் இதற்குள் கச்சிதமாக அடங்கியது. ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் வேலை என்பதால் பிரதேச செயலகம் போதும். மாவட்டம் முழுவதும் என்றால் மாவட்டச் செயலகம், அதற்கும் மேல் என்றால் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம். யாப்பு, நிர்வாகக்குழுவின் விபரம், வேலைத்திட்டம், வரவு செலவு மதிப்பீடு, கிராம சேவகரின் சிபாரிசு என்று ஒரு கோப்பு சேர்ந்தது.

நோக்கங்களை எழுதும்போது ஒரு அக்கா, “சேமிப்பு, கடன் எண்டும் போடுவம் தம்பி, பிறகு உதவும்” என்றார். நான் மறுத்தேன். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வைப்பு வாங்கிக் கடன் கொடுப்பது தனிப் பதிவும் தனிக் கண்காணிப்பும் உள்ள தொழில். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு தெரிந்த ஊரில் அந்த வரி பராமரிப்பு நிலையத்தின் யாப்பில் இருக்கவே கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

கோப்பு இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு அம்மம்மா வந்தார். அவருடைய பேத்திக்கு நடக்க இயலாது. வீட்டுக்குப் பக்கத்துத் துண்டுக் காணியை நிலையத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் வேலையின் கடினமான பகுதி அங்கேதான் ஆரம்பித்தது.

1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்தால் அமைப்பு அரசின் பார்வைக்குள் வரும். ஆனால் அந்தப் பதிவு மட்டும் அமைப்பைத் தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கக்கூடிய தனியொரு ஆளாகச் சட்டத்தின் முன் ஆக்கிவிடாது. அப்படியானால் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், யாருடைய பெயரை எழுதுவது? தலைவியின் பெயரிலா? தலைவி மாறினால்? அவர் இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்குப் போகுமா? எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகிறவை. அந்தக் காணியும் அம்மம்மாவுக்குத் தாய்வழி வந்த சீதனம்தான். “நான் கண்ண மூடினாப் புறகு ஆரும் வந்து கேட்டா என்ன மனே செய்யிற?” என்று அவரே கேட்டார். அந்தக் கூட்டத்தில் வந்த மிகச் சரியான சட்டக் கேள்வி அதுதான்.

முதலில் உறுதியைப் பார்த்தோம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாக இருந்தால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. நல்ல வேளையாக அது சொந்த உறுதி உள்ள காணி. பிறகு இரண்டு வழிகளைத் தாய்மார் முன் வைத்தேன். ஒன்று, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. இலாபத்தை உறுப்பினர் பங்கிட முடியாது, கம்பனியே காணியை வைத்திருக்கலாம், வழக்காடலாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பல மாவட்டங்களில் இயங்கும் அமைப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கம்பனிச் செயலாளர், வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று ஒவ்வொரு வருடமும் செலவும் கடிதமும் உண்டு. கூலி வேலைக்குப் போகிற தாய்மாரின் தோளில் அதை ஏற்ற மனம் வரவில்லை. பாராளுமன்றத்தில் தனிச் சட்டமூலம் கொண்டுவந்து அமைப்பைக் கூட்டிணைப்பதும், அதாவது சட்டப்படி தனி ஆளாக்குவதும், ஒரு வழிதான். இந்த அளவு வேலைக்கு அது வேண்டியதில்லை.

மற்றது, 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். காணியை, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு முன் அறநம்பிக்கைப் பொறுப்பாக எழுதிவைப்பது. பொறுப்பாளர்கள் அதை வைத்திருப்பார்கள், ஆனால் அவர்கள் அனுபவிக்க முடியாது. பயன் பிள்ளைகளுக்கு. இதை நான் நீட்டி விளக்க வேண்டி வரவில்லை. கோயில் சொத்து அதை நிர்வகிக்கிற வண்ணக்கர் கையில் இருக்கும், அது வண்ணக்கருடையது அல்ல என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். “அப்ப எங்கட நிலையத்துக்கும் வண்ணக்கர்மார்” என்றார் ஒருவர். ஆம் என்றேன்.

இதில் ஒரு குறை இருந்தது. காணியை எழுதித் தருபவரே பொறுப்பாளர்களை நியமித்துவிட்டால் தாய்மாருக்கு வாக்கு இல்லாமல் போகும். ஆகவே இரண்டையும் பிரித்தோம். தாய்மாரின் சங்கம் பிரதேச செயலகத்தில் பதியும், நிலையத்தை அதுவே நடத்தும். காணி மட்டும் நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும். ஐந்து பொறுப்பாளர்களில் மூவரைச் சங்கத்தின் பொதுக்கூட்டம் தெரிவு செய்யும். ஒருவர் அம்மம்மாவின் குடும்பத்தில் இருந்து, ஒருவர் ஊர்ப் பாடசாலையில் இருந்து. காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நிலையம் நின்றுபோனால் அதே சேவை செய்யும் வேறொரு அமைப்புக்குப் போகும். உறுதி எழுதுமுன் அம்மம்மாவின் மகள்மார் இருவரையும் கூப்பிட்டு ஒவ்வொரு பிரிவையும் வாசித்துக் காட்டினோம். சட்டம் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மூத்த மகள் வழியை மட்டும் கேட்டார்: பின் வளவுக்குப் போகிற ஒழுங்கை அடைபடக் கூடாது. அதையும் உறுதியில் சேர்த்தார் நொத்தாரிசு.

உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகி வந்தது. சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் வங்கியில் மூன்று பேரின் கையொப்பத்தில் கணக்குத் திறந்தார்கள், அதில் இரண்டு கையொப்பம் இருந்தால்தான் பணம் எடுக்கலாம். முதல் கணக்கறிக்கையைப் பொருளாளர் பொதுக்கூட்டத்தில் வாய்விட்டு வாசித்தார். பால்மாவுக்கு ஏன் இவ்வளவு போனது என்று பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழுந்து கேட்டார். பொருளாளர் பற்றுச்சீட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.