கட்ஆஃப் பார்த்த கதை

ஜூலை 19, 2025, சனி

மகள் ஆகஸ்ட் 14-க்கு யூகேட் பதிந்துவிட்டாள். பிரிட்டன் மருத்துவப் பள்ளிகள் கேட்கும் நுழைவுத் தேர்வு அது. இங்கே சிங்கப்பூரில் ஜேசி என்கிற தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, பிரிலிம் என்கிற முன்தேர்வு நெருங்கும் நேரம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கு (என்யுஎஸ்) இந்தத் தேர்வு வேண்டாம். நன்யாங் பல்கலையின் (என்டியு) மருத்துவப் பள்ளி முன்பு பீமேட் என்ற வேறொரு தேர்வைக் கேட்டது. அது 2023-உடன் நின்றதும் யூகேட்டுக்கு மாறிவிட்டது. எப்படியும் எழுதுகிறாளே, பிரிட்டனுக்கும் போட்டு வைக்கலாம் என்பது என் யோசனை. அவளுக்கு அதில் பெரிய ஆசை இல்லை.

அவள் படிக்கிறாள், நான் எக்செல் போடுகிறேன். முதலில், இங்கே டாக்டராக வேலை பார்க்க சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல். 2020-ல் 160-ஐ 103 ஆகக் குறைத்தார்கள், இந்தப் பிப்ரவரியில் 112 ஆனது. அதில் இல்லாத கல்லூரி சுலபமாக இடம் கொடுத்தாலும் வேண்டாம்.

ஜூலை 27, ஞாயிறு

பிரிட்டன் பள்ளிகளின் போன வருஷ யூகேட் கட்ஆஃப்களை எல்லாம் சேர்த்துப் பச்சை, மஞ்சள் அடித்துக் காட்டினேன். "அப்பா, இதெல்லாம் மொத்தம் 3600 மார்க்குக்கு. எங்களுக்கு 2700-க்குத்தான்" என்றாள். வடிவங்களை வைத்துக் கேட்கும் பகுதியை இந்த வருஷம் எடுத்துவிட்டார்களாம். ஒரு வாரம் வீண்.

சரி, எல்லாவற்றையும் முக்காலாக்கினேன். அதுவும் தப்பு. 2024-ன் சராசரி 2523. முக்கால் போட்டால் 1892 வருகிறது. ஆனால் எடுத்துவிட்ட பகுதியில்தான் பிள்ளைகள் அதிகம் வாங்கியிருந்தார்கள், சராசரி 653. மீதி மூன்றைக் கூட்டினால் 1870தான். 22 மார்க் வித்தியாசம். விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமா? மார்க்கை விட்டுவிட்டு, எழுதியவர்களை மார்க் வரிசையில் பத்து அடுக்காகப் பிரித்தால் எந்த அடுக்கு என்று பார்க்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேர்வு முடிந்த கையோடு மதிப்பெண்: 2010. தனியாகத் தரம் போடும் சூழ்நிலைத் தீர்ப்புப் பகுதியில் நான்கில் இரண்டாம் நிலை. மொழிப் பகுதியில் 22 நிமிஷத்தில் 44 கேள்வியாம். மீ கோரிங் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

தேக்கா சந்தையில் பழைய சகா ஒருவரைப் பார்த்தேன். மகன் பிரிட்டனில் மருத்துவம் படிக்கிறான். போனில் என் பட்டியலைக் காட்டினேன். "அண்ணே, இது அந்த ஊர்ப் பிள்ளைங்க கட்ஆஃப். நம்ம பிள்ளைங்க வெளிநாட்டுக் கணக்கு" என்றார்.

கையில் மீன் பை, நடுவழியில் நிற்கிறேன். இங்கிலாந்து மருத்துவப் பள்ளிகளில் வெளிநாட்டவருக்கு ஏறக்குறைய 7.5 சதவீத இடம். அதற்குத் தனி வரிசை, தனிப் போட்டி. போதாததற்கு, நான் எழுதி வைத்தவை நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடைசி மார்க். இடம் கிடைத்தவர்களின் மார்க் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திருப்பிப் போட்டேன். இப்போது முதல் கட்டம், மார்க்கை வைத்து அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பது. பிரிஸ்டல் நேர்காணலுக்கு யூகேட் வரிசையையே பார்த்து வந்திருக்கிறது. எடின்பரோ எட்டு அடுக்காகப் பிரித்து, படிப்புக்குத் தரும் புள்ளியோடு கூட்டும். 2010 என்பது முதல் வகையில் சுமார், இரண்டாவது வகையில் நல்ல ஜேசி மார்க்கோடு சேர்ந்தால் தெம்பு. இதை ஜூலையிலேயே செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்க 15-ம் தேதி கடைசி நாள். யூகேட்டில் இந்த வருஷச் சராசரி 1891. மருத்துவத்துக்கு நான்கு இடம் போடலாம். அவள் இரண்டுதான் போட்டாள், இரண்டுமே படிப்பையும் சேர்த்து எடைபோடும் பள்ளிகள். மூன்றாவது எங்கே என்றேன். "கட்டணத்தைப் பார்த்தீங்களாப்பா?" என்றாள். அந்தக் கட்டத்தை நான் போடவே இல்லை.

அப்புறம் வேதியியல் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எக்செல்லை மூடப் போனால், சேமிக்கவா என்று கேட்டது. சேமித்தேன். இளையவன் உயர்நிலை மூன்றில் இருக்கிறான்.