சின்னப் பிள்ளைகளோடு பாறை ஏறப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

பாரிஸ் பக்கம் இருக்கிற கூட்டாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே பாறை ஏறப் போகலாமா, எங்கே போகலாம்? தாராளமாகப் போகலாம். ஆனால் இடம் தேடும்போது எல்லாரும் பாறையின் படத்தைத்தான் பார்க்கிறார்கள், எவ்வளவு உயரம், எவ்வளவு வடிவு, எங்கே நின்றால் நல்ல போட்டோ வரும் என்று. நான் முதலில் பார்ப்பது தரையை. பிள்ளை விழும். நன்றாக ஏறுகிற பிள்ளையும் விழும், அதுவும் "அம்மா, இங்க பாருங்கோ" என்று திரும்புகிற நேரத்தில்தான் விழும். விழுந்தால் எதன்மேல் விழும் என்பதைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

கயிறு கட்டி ஏறும் செங்குத்துப் பாறைகளை இந்த வயதுக்கு நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஏலாது என்பதால் இல்லை. இடுப்புப் பட்டி மாட்டி, மேலிருந்து கயிறு போட்டுவிட்டால் ஆறு வயதுக்காரர்கள் குரங்குச் சேட்டையோடு ஏறுவார்கள். சிக்கல் பெரியவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. கயிறு பிடிப்பவர் கண்ணையும் கையையும் வேறெங்கும் கொண்டுபோக முடியாது. இன்னொருவர் சின்னவரைப் பார்க்க வேண்டும். பெரியவள் பாதி வழியில் பயந்து நின்று அழத் தொடங்கினால் போய்ப் பேச மூன்றாவது ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் தானும் ஏற வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாது. அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதைவிட, மேலே ஏறுகிறவர் தட்டிவிடும் கல் கீழே நிற்பவர் தலையில்தான் வரும். பூர்கோன் பக்கம் சோசுவா என்று பேர்போன சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, பார்த்தால் மூச்சடைக்கும். ஆனால் பாறைக்கு அடியிலேயே ரோடு, அதற்கு அப்பால் ஆறு. மூன்று வயதுப் பிள்ளை ஓடித் திரிய அங்கே இடமே இல்லை. பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்க்கலாம்.

அதனால் என் பதில் எப்போதும் ஃபொந்தேன்புளோதான். பாரிஸிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர் அளவில் இருக்கிற காடு. அங்கே இருப்பது மலை இல்லை, காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் மணற்கல் பாறைகள். முப்பது மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் முன்பு இந்தப் பக்கம் கடல் இருந்தது; அது விட்டுப்போன மணல்தான் இறுகிப் பாறையானது, இறுகாத மிச்ச மணல் இன்னும் பாறைகளின் காலடியில் கிடக்கிறது. பல இடங்களில் தட்டையான வெள்ளை மணல், கடற்கரை மாதிரியே. கயிறு தேவையில்லை, பாறைகளும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கைந்து மீட்டர். ஏற அலுத்த பிள்ளை மணலில் இருந்து வீடு கட்டும்.

சரி, காடு முழுக்க ஒரே மாதிரி இருக்குமா என்றால் இல்லை. பாறைகளில் பெயின்டால் சின்ன அம்புக்குறியும் எண்ணும் போட்டிருப்பார்கள், ஒரு நிறத்தைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் அது ஒரு சர்க்யூட். 1947இல் இந்தக் காட்டின் குவியே பகுதியில் தொடங்கிய வழக்கம். மஞ்சள் சுலபம், அப்புறம் ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். வெள்ளை பிள்ளைகளுக்கானது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: சில இடங்களில் அதே வெள்ளை நிறம் கறுப்பையும் தாண்டிய, மிகக் கடினமான சர்க்யூட்டுக்கும் போடப்பட்டிருக்கிறது. அதே குவியே பக்கம் இருக்கிற பா குவியேயில் அப்படி ஒன்று இருக்கிறது. வெள்ளை அம்பைக் கண்டவுடன் பிள்ளையைத் தூக்கி ஏற்றாமல், அந்தப் பாறையின் உயரத்தை ஒருதரம் பாருங்கள், சந்தேகம் தானாகத் தீரும். மஞ்சளையும் நம்பிவிட வேண்டாம். சுலபம் என்று போட்டிருப்பது பெரியவர்களின் கை எட்டும் தூரத்துக்கு.

இடங்களைப் பற்றிச் சொன்னால், முதல் தடவைக்கு கான்ஷ் ஓ மெர்சியே. ஆர்போன் பக்கம், நடை குறைவு, வழி தட்டை, பாறைகள் சின்னது, மஞ்சளும் ஆரஞ்சும் நிறைய. குறை ஒன்றுதான், பக்கத்திலேயே ஆ6 நெடுஞ்சாலை ஓடுகிறது, நாள் முழுக்க இரைச்சல். பிள்ளைகளுக்கு அது காதில் விழுவதே இல்லை. கார் இல்லாதவர்களுக்கு ரொஷே கனோன்: பாரிஸில் கார் தே லியோன் என்ற ரயில் நிலையத்தில் 'ஆர்' தடத்து ரயிலைப் பிடித்து புவா லெ ருவாவில் இறங்கி நடக்கலாம், ஆனால் அரை மணிக்கு மேற்பட்ட நடை, சின்னவர் வழியிலேயே "தூக்குங்கோ" என்பார், அதற்குத் தயாராகப் போங்கள். கூ தெ ஷியான் மணல்வெளி பிள்ளைகளுக்குச் சொர்க்கம்; ஏறுவதைவிட மணலில் உருள்வதுதான் அங்கே முக்கிய வேலை.

லார்ஷான் பக்கம் இருக்கிற யானைப் பாறையை எல்லாரும் பிள்ளைகளுக்கென்று சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே யானை மாதிரி ஒரு பாறை நிற்கிறது, பிள்ளைகள் விட்டு வரமாட்டார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பல பாறைகள் நல்ல உயரம். போய்ப் பார்த்து, படமெடுத்து, மணலில் விளையாடிவிட்டு வாருங்கள். பா குவியே வரலாறு உள்ள இடம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் ஏறி ஏறிக் கால் வைக்கும் இடமெல்லாம் கோயில் படிக்கல் போல வழுவழுப்பாகிவிட்டது, பெரியவர்களுக்கே சறுக்கும்.

பிள்ளை எப்படி ஏறும் என்று பார்ப்பதற்கு முன், பாறையைச் சுற்றி ஒரு நடை நடந்து அது எப்படி இறங்கும் என்று பாருங்கள். ஏறுவது பெரிய விஷயமே இல்லை. முன்பக்கம் கையால் பிடிக்கக் குழியும் விளிம்பும் இருக்கும், பிள்ளை மளமளவென்று மேலே போய்விடும், போய்க் கை தட்டும். பின்பக்கம் போனால்தான் தெரியும்: சில பாறைகளில் படி மாதிரி இறங்கலாம், சிலதில் பக்கத்துப் பாறைக்கு ஒரு எட்டு வைத்துத் தாண்ட வேண்டும், அந்த எட்டு எனக்கு ஒன்றுமில்லை, ஆறு வயதுக் காலுக்கு அது ஒரு பாய்ச்சல், இடையில் இருட்டான ஆழமான வெடிப்பு. முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, வயிறு உரச, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவும்போது அந்தக் கால் நடுங்கும் பாருங்கள், அப்போது "இன்னும் கொஞ்சம், இடது கால், இடது கால்" என்று கீழேயிருந்து கத்தினால் பிள்ளைக்கு இடதும் வலதும் மறந்துபோகும். குதிகாலைக் கையால் பிடித்துச் சரியான குழியில் கொண்டுபோய் வையுங்கள். உங்கள் கைக்கு அந்தக் குதிகால் எட்டவில்லை என்றால் அந்தப் பாறை இந்த வருடத்துக்கு இல்லை. இதுதான் என் அளவுகோல், வழிகாட்டிப் புத்தகத்தில் என்ன நிறம் போட்டிருந்தாலும்.

விழுந்தால் தாங்கப் பாறையின் கீழே விரிக்கும் மெத்தை கொண்டுபோவது நல்லதுதான். ஆனால் மெத்தை விரித்துவிட்டோம் என்று தள்ளிப்போய் போன் பார்க்கக் கூடாது. மெத்தையின் விளிம்பில் பாதிக் கால் விழுந்தால் கணுக்கால் திருகும், மணலில் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வேர், கல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை மூடத்தான் மெத்தை. மிச்சத்துக்கு உங்கள் இரண்டு கையும். பிள்ளையின் இடுப்புக்கும் முதுகுக்கும் பின்னால் கையை வைத்துக்கொண்டு நில்லுங்கள், தலை பின்பக்கமாகப் போகாமல் கால் முதலில் தரையைத் தொட்டால் போதும். இன்னொன்று, சின்னவர்கள் பாறைக்கு ஒட்டி, ஏறுகிறவருக்கு நேர் கீழேதான் மணல் கிண்டுவார்கள். பாய் விரிக்கும்போதே தள்ளி விரியுங்கள்.

மழை பெய்தால் போகவே வேண்டாம். ஈரமான மணற்கல் பலமிழந்துவிடும், பிடி கையோடு உடைந்து வரும், பிள்ளையும் விழும், பாறையும் என்றென்றைக்கும் கெட்டுப்போகும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும், ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பழைய கால்மிதி ஒன்று கொண்டுபோய், ஏறும் முன் சப்பாத்தின் அடியைத் துடைக்கப் பழக்குங்கள், மணலோடு ஏறினால் சறுக்கும், பாறையும் தேயும். சாதாரண ஸ்போர்ட்ஸ் சப்பாத்து போதும், விலைகூடிய ஏறும் சப்பாத்து வாங்கினால் மூன்று மாதத்தில் கால் வளர்ந்துவிடும்.

ஊரிலிருந்து போன் எடுக்கிற அம்மம்மாக்கள் பாம்பைத்தான் கேட்பார்கள். எனக்குப் பயம் உண்ணிதான். அது லைம் நோயைக் கொண்டுவரும். வீட்டுக்கு வந்ததும் குளிக்க வைத்து முழங்காலின் பின்பக்கம், அக்குள், அரை, காதின் பின்னால், தலைமயிருக்குள் என்று தேடுங்கள்; பார்மசியில் அதை எடுக்கும் சின்னக் கொக்கி விற்கிறார்கள், காற்சட்டைப் பையில் ஒன்று இருக்கட்டும். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாள் கழித்துச் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் போங்கள், காத்திருக்க வேண்டாம். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பைன் மரங்களிலிருந்து மயிர்க்கொட்டிகள் வரிசையாக இறங்கி ஊர்ந்து போகும், பார்க்க வேடிக்கையாக இருப்பதால் பிள்ளைகள் கையால் தொடப் போவார்கள். அதன் மயிர் பட்டால் தோல் பொங்கிவிடும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சில நாட்களில் வேட்டை நடக்கும், அறிவிப்புப் பலகை கண்டால் வேறு பக்கம் போய்விடுங்கள்.

காட்டுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது, அதனால் தேத்தண்ணியைப் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள், ரோல்ஸை வீட்டிலேயே பொரித்துவிடுங்கள். கார் தரிப்பிடத்தின் பெயரையும், வழியில் மரங்களில் இருக்கும் பகுதி எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள். 112க்கு அழைக்க வேண்டி வந்தால் "பெரிய பாறைக்குப் பக்கத்தில்" என்று சொல்லி யாரையும் வரவழைக்க முடியாது. சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் எங்கே கிடைக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காருக்குள் பை எதையும் விட வேண்டாம், கண்ணாடி உடைப்பது அங்கே வழக்கம். அப்புறம், வெயில் நல்ல ஞாயிற்றுக்கிழமை என்றால் தரிப்பிடம் காலையிலேயே நிறைந்துவிடும், கெதியாக வெளிக்கிடுங்கள்.