சரியாக வேகாத செங்கல் தூளில் சிமெண்டு மிச்சம்: மோல்மீனில் செய்து பார்த்தது

சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுட்ட களிமண் தூளைச் சேர்த்து வார்த்த தளக்கற்கள் ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டன. மியான்மரில் உள்ள எங்கள் மோல்மீன் ஊரில் மழை வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை ஓயாது. அத்தனை ஈரத்திலும் விளிம்பு உதிரவில்லை, எங்கும் வெடிப்பு ஓடவில்லை. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

பச்சைக் களிமண்ணை அப்படியே சிமெண்டில் கலக்கவே கூடாது. அது தண்ணீரைக் குடித்து ஊதும், காயும்போது சுருங்கி வெடிக்கும். சுட்டால்தான் குணம் மாறும். களிமண்ணில் கயோலினைட் என்றொரு கனிமம் உண்டு. அதை 600 முதல் 800 டிகிரி வரை சூடாக்கினால், உள்ளே பூட்டிக் கிடக்கும் நீர், எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு, வெளியேறிவிடும். அணுக்களின் ஒழுங்கு குலைந்து, எதோடாவது சேரத் துடிக்கும் தூளாக அது நிற்கும். அதன் பெயர் மெட்டா கயோலின். சிமெண்டு தண்ணீர் பட்டு இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு ஒதுங்கும். அந்தச் சுண்ணாம்பால் பலம் அதிகம் இல்லை. மழையில் கரைந்து மேலே வந்து வெள்ளையாகப் பூப்பதும் அதுதான். சுட்ட களிமண் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சிமெண்டுக்குப் பலம் தரும் பசையைப் போன்ற ஒன்றாகவே மாற்றிவிடுகிறது.

சிமெண்டுக்கு மூலமான கிளிங்கரைச் சுட 1450 டிகிரி வரை போக வேண்டும். அதோடு சுண்ணாம்புக்கல்லே உடைந்து கரியமில வாயுவைக் கக்குகிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. கிளிங்கருக்கு வேண்டிய சூட்டில் பாதியில் சுட்ட மண்ணால் சிமெண்டில் ஒரு பங்கை ஈடுகட்ட முடியும் என்று படித்ததிலிருந்து எனக்கு இதில் தீராத ஆசை.

எங்கள் தெருக் கொத்தனார் அண்ணனிடம் தூளைக் காட்டியதும், "தம்பி, இது சுர்க்கிதானே. எங்க ஐயா காலத்துல சுண்ணாம்போட இதைத்தான் போட்டு இடிப்பாங்க" என்றார். உண்மைதான், சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூளே. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தில் நிற்கிறது. ஆனால் எந்தச் செங்கல்லையும் இடித்தால் நல்ல தூள் வந்துவிடாது. இந்த வேலையில் முக்கியமானது சூளையின் வெப்பம்தான்.

இங்கே நெல் உமியும் விறகும் வைத்துச் சுடுகிறார்கள். சூளையின் நடுவில் வெந்த கல் சிவந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். நெருப்பை ஒட்டியது கறுத்து முறுகியிருக்கும். ஓரத்துக் கல் வெளிறி மெத்தென்று இருக்கும். அதை யாரும் வாங்குவதில்லை. சூளைக்கார ஊலேவிடம் நான் கேட்டது அந்த ஓரத்துக் கல்லை. நல்ல கல்லை விட்டுவிட்டு இது எதற்கு என்று அவருக்கு ஆச்சரியம். 900 டிகிரியைத் தாண்டத் தாண்ட அந்தக் குலைந்த அணுக்கள் மறுபடி ஒழுங்காகி உறங்கிவிடும். வீடு கட்ட உகந்த கல், தூளுக்கு மந்தம். மறுபக்கம், போதிய சூடே படாத கல்லும் உண்டு. அதை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் சேறாகிவிடும். கரையாமல் நின்று, நகத்தால் கீறினால் பொடி உதிரும் கல்லே எனக்கு வேண்டியது.

மூன்று வகைக் கல்லையும் தனித்தனியே பொடியாக்கினேன். வெற்றிலைக் கடையில் விற்கும் நீற்றுச் சுண்ணாம்போடு ஒவ்வொன்றையும் பிசைந்து, கண்ணாடித் தம்ளரில் அழுத்தி, காற்றுப் படாமல் மூடி, வெயில் சூட்டில் வைத்தேன். சில வாரம் கழித்துத் தண்ணீரில் முக்கினேன். முறுகிய கல்லின் தூள் விரல் பட்டதும் குழைந்தது. சிவந்த கல் அரைகுறை. வெளிறிய கல் ஆணி கீறும் அளவுக்கு இறுகியிருந்தது. சிமெண்டே இல்லாமல், தண்ணீரிலும் கரையாமல் கல்லாக நின்ற அந்தத் துண்டைப் பார்த்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அரைப்பதுதான் பெரும்பாடு. தகர டிரம்மில் இரும்புக் குண்டுகள் போட்டு, மோட்டாரில் மெதுவாகச் சுழலவிட்டேன். மல் துணியில் சலித்து, ஈரம் பட்டால், இங்கே முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டை விழுதைப் போல வழுவழுப்பாக இருக்கும் வரை திரும்பத் திரும்ப அரைத்தேன். கரகரப்பான தூள் வெறும் மணல்தான், வினை செய்யாது. இந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டு அரைக்காதீர்கள், நல்ல முகக்கவசம் வேண்டும்.

பலம் பார்க்க 4 செ.மீ. கனம், 16 செ.மீ. நீளத்தில் மர அச்சில் சிறு கட்டைகள் வார்த்தேன். ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். சிமெண்டில் 10, 20, 30 விழுக்காடு தூள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், சட்டியில் அளக்கக் கூடாது. தூள் சிமெண்டைவிட எடை குறைவு, அளவில் கூடிவிடும். கட்டையின் இரு முனையையும் தாங்கவைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முறியும் வரை தண்ணீர் ஊற்றி வாளியை நிறுத்தேன். 7 நாளில் தூள் சேர்த்தவை எல்லாமே வெறும் சிமெண்டுக்குப் பின்னால்தான். 28 நாளில் 20 விழுக்காடு கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் முந்தியது. 30 மட்டும் கடைசி வரை எட்டவில்லை. எங்கள் ஆற்று மண்ணில் கயோலினைட் தவிர வேறு களிமண்ணும் கலந்திருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆறப்போடுவதில் அவசரம் கூடாது. ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரமாவது காயவிடாமல் வைத்தால்தான் சுண்ணாம்பும் தூளும் சேரும். கலவை கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் பலம் போய்விடும்; நீர் குறைக்கும் திரவத்தைக் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. மூட்டையில் கலப்புச் சிமெண்டு என்று போட்டிருந்தால் அதில் ஏற்கெனவே ஏதாவது சேர்த்திருப்பார்கள், அதன் மேல் இதையும் போடாதீர்கள்.

அடுத்து சுண்ணாம்புக்கல் தூள். எங்கள் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிறைய உண்டு. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் சிமெண்டு ஆய்வாளர் கேரன் ஸ்க்ரிவனரின் குழுவும், கியூபா, இந்தியா நாட்டவரும் சேர்ந்து உருவாக்கிய எல்.சி.3 சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 விழுக்காடு. களிமண்ணில் உள்ள அலுமினா சுண்ணாம்புக்கல்லோடும் வினை செய்வதால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. நான் இரண்டு பங்கு செங்கல் தூளும் ஒரு பங்கு சுண்ணாம்புக்கல் தூளுமாகச் சேர்த்து 30 விழுக்காட்டை ஈடுசெய்தேன். செங்கல் தூளை மட்டும் 30 போட்டதைவிட இது தெளிவாக நன்றாக நின்றது.

தளக்கல்லின் நிறம் இளஞ்சிவப்பு. மண்ணில் உள்ள இரும்பின் நிறம் அது. பக்கத்தில் வெறும் சிமெண்டில் வார்த்த பூந்தொட்டிகளில் உப்புப் பூத்துத் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. தூள் சேர்த்தவற்றில் அது மிகக் குறைவு.

நடைபாதைக் கல், பூந்தொட்டி, துளசி மாடம், வாய்க்கால் மூடி வரைக்கும் இதைத் தைரியமாகப் போடலாம். தூண், உத்தரம், கூரைத் தட்டு என்று ஆள் உயிரைத் தாங்கும் எதிலும் நான் போடவில்லை, போடவும் மாட்டேன். 2025 மார்ச் 28 அன்று சகாய்ங்கிலும் மாண்டலேயிலும் 7.7 அளவு நிலநடுக்கம் கட்டடங்களை என்ன செய்தது என்று பார்த்த நாட்டில் இருக்கிறோம். வாளித் தண்ணீர் சோதனை தொட்டிக்குப் போதும். வீட்டுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், கம்பியும் பொறியாளரும் வேண்டும்.

மழை விட்டு ஊலேவின் சூளை மறுபடி எரியும்போது, கயோலினைட் கூடுதலாக இருக்கும் என்று நான் நம்பும் வெள்ளைக் களிமண் உருண்டைகளை ஓரத்து அடுக்கில் வைத்துச் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தூளில் 30 விழுக்காடு தாண்டுகிறதா என்று அதே அச்சில் வார்த்துப் பார்க்கப் போகிறேன்.