செல்ஃப் முனகுது, பேட்டரி மேல் பழி

என் 150 சிசி வண்டிக்கு வயசு 18. ஒரு மாசமாகக் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் "ங்ங்... ங்ங்..." என்று முனகல், ரெண்டு சுற்று, அப்புறம் மௌனம். கிக்கரில் முதல் உதையிலேயே கிளம்பிவிடுவதால் கார்புரேட்டர், பிளக் மேல் சந்தேகம் இல்லை.

"பேட்டரி போயிருச்சு தம்பி, மாத்திருங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். போன தீபாவளிக்குத்தான் புதுசு போட்டது. மனசு வராமல் மல்டிமீட்டரை எடுத்தேன்.

சும்மா நிற்கும்போது 12.7 வோல்ட். முழு சார்ஜ்தான். ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. லோடு கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். எஞ்சின் கிளம்பிவிடாமல் மோட்டார் மட்டும் சுற்றுவதற்காகப் பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி எஞ்சின் ஹெட்டில் படும்படி வைத்தேன் (வெறுமனே தொங்கவிட்டால் பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டிக்கு ஆகாது). மகள் பட்டனை அழுத்த, நான் மீட்டரைப் பார்க்க, 11.1.

இதுதான் யோசிக்க வைத்தது. பேட்டரி செத்திருந்தால் 9-க்குப் பக்கத்திலாவது விழுந்திருக்கணும். மோட்டார் இறுகிப்போய் கரண்ட்டை அதிகமாக இழுத்தாலும் விழும். இது அவ்வளவு விழவே இல்லை. அப்படியென்றால் கரண்ட் வழியில் எங்கோ சிக்குகிறது. கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் இப்படி ஆகும்தான், ஆனால் மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் வயரைப் பார்ப்பது சுலபம்.

அதில் ஒரு அரை மணி நேரம் வீண். மீட்டரை ஓம் (மின்தடை) நிலையில் வைத்து ஒவ்வொரு கேபிளாக அளந்தேன், எல்லாம் 0.2. மீட்டரின் ரெண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டினாலும் 0.2-தான்! 50 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.04 ஓம் இருந்தாலே 2 வோல்ட் காலி. அந்த 0.04 என் மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சுற்றும்போது வோல்ட்டாக அளந்தால்தான் பிடிபடும்.

பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் முனைக்கும் நடுவில் 0.3. சரி. நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவில் 1.9.

"இன்னும் அழுத்தவாப்பா?"

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

முனையிலிருந்து எர்த் வயரின் வளையம் வரை 0.1. வளையத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் சேசிஸுக்கும் நடுவில் மட்டும் 1.7. ஒரு விரல் அகலம்கூட இல்லை.

10 நம்பர் ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். வளையத்தில் பச்சையாகக் களிம்பு. அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட். போன வருஷம் சேசிஸுக்கு ஆசை ஆசையாக பெயின்ட் அடித்து, அதன் மேலேயே வளையத்தை முடுக்கிய மகானுபாவன் நானேதான். இத்தனை நாளும் போல்ட் மரை வழியாகத்தான் கரண்ட் போயிருக்கிறது.

உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். எர்த் பக்கம் இப்போது 0.2. பேட்டரி 10.3 வரை இறங்குகிறது, அதாவது முன்பைவிடக் கீழே. கரண்ட் தாராளமாக ஓடுவதால் அப்படி. செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது.

பாசிட்டிவ் பக்கம் 0.3 இப்போது 0.4 ஆகியிருக்கிறது. அந்த வழியில் இருக்கும் ரிலேவின் (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போல்ட்டுகளை அடுத்த ஞாயிறு கழற்றிப் பார்க்கணும்.