பைக்குள் ஒரு கிலோ குறைந்தது

பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் மதுரை போவதற்குள் தொடை வெந்துவிடும். 15.6 அங்குலத் திரை, 2.2 கிலோ, அப்புறம் செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். கீல் விட்டுப்போய், திரை பின்னால் சாயாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்துத்தான் டைப் அடிப்பேன். பேட்டரி செங்கல்பட்டு தாண்டினால் அதிசயம்.

சரி, மாற்றியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தபோது லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் லேப்டாப்மேல்தான் கண், அந்த கீபோர்டுக்காகவே வாங்கலாம், ஆனால் விலையைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டேன். கடைசியில் 13 அங்குல மேக்புக் ஏர், எம்4 சிப், 16 ஜிபி ரேம். எடை 1.24 கிலோ. உள்ளே ஃபேனே கிடையாது, அதனால் ராத்திரி ரயிலில் பக்கத்து பெர்த்காரர் முறைப்பதில்லை. ரேமைப் பின்னால் கூட்டமுடியாது, வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும், அதுதான் எரிச்சல். போனுக்கு வாங்கிய 65 வாட் டைப்-சி சார்ஜரே இதற்கும் போதுகிறது என்பதால் செங்கல் வீட்டிலேயே கிடக்கிறது.

சாதாரண பென்டிரைவ் செருகத்தான் இடமில்லை, டைப்-சி துளை மட்டும்தான். அதற்கு டாங்கிள் என்று ஒரு குட்டி இணைப்பான் வாங்கி, முதல் பயணத்திலேயே தொலைத்தாயிற்று.