வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: திருக்கருகாவூர் போய்வந்த கதை

ஆறாம் மாதத்தில், கருவைக் காக்கும் கர்ப்பரட்சாம்பிகை இருக்கிற திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய்வருவது என்று பேச்சு எழுந்ததுமே வீட்டில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். ஏழு பிறந்துவிட்டால் கொடிமரம் வைத்த கோயிலுக்குள் போகக்கூடாது என்பது அத்தையின் கணக்கு. வாயும் வயிறுமாக இருப்பவள் மலை ஏறக்கூடாது, ஆறு தாண்டக்கூடாது, புருஷன் தேங்காய் உடைக்கக்கூடாது என்று பட்டியல் நீண்டது. ஆறு தாண்டாமல் தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போவது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். ஏனென்றால் டாக்டரம்மா சொன்னதும் ஏறக்குறைய அதே கணக்குதான். வாந்தி மயக்கம் எல்லாம் அடங்கி, வயிறு இன்னும் பெரிதாகப் பாரம் தட்டாத நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரைதான் பயணத்துக்குத் தோது. ஸ்கேனில் நஞ்சுக்கொடி சரியான இடத்தில் இருக்கிறது, ரத்தப்போக்கு எதுவும் இல்லை, அதனால் போகலாம். ஒரேயடியாக உட்கார்ந்தே இருக்காமல் மணிக்கொரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மருத்துவக் கோப்பு கைப்பையிலேயே இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் போட்ட சட்டம்.

என் கவலை வயிற்றில் இருப்பதைப் பற்றி இல்லை. அது சமர்த்தாக உள்ளே இருக்கிறது. வெளியே ஓடுகிற இரண்டரை வயதுக்காரிதான் பிரச்சினை. அவளை அம்மாவிடம் விட்டுப் போகலாம் என்றால் ராத்திரி நான் இல்லாமல் தூங்கமாட்டாள். ஆக, குடும்பமாகத்தான் கிளம்ப வேண்டும்.

எழும்பூரிலிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ். கர்ப்பிணிகளுக்கு ரயில்வேயில் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முன்பதிவு கவுன்டரில் கேட்க வேண்டும். ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் பெர்த்தும் கிடையாது. அந்தக் குறுகலான பலகையில் என் வயிறு, நான், அவள் மூவரும் படுக்க வேண்டும். இதில் யாரும் சொல்லித்தராத ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதுதான் நல்லது என்பார்கள். பிள்ளை விழாமல் இருக்க அவளைச் சுவர்ப் பக்கம் போட வேண்டும். அப்படியானால் எந்தப் பக்கம் தலை வைத்தால் இடது பக்கம் சுவரைப் பார்க்கும் என்று ஏறியவுடனே பார்த்துத் தலையணையைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை தூங்கியபிறகு அவளையும் சேர்த்துத் திருப்பிப் போடுகிற வேலை வரும். எல்லாம் சரியாகப் படுத்தும் என்ன, விழுப்புரம் தாண்டியதும் அவள் வெளியிலிருந்து உதைக்க, அதற்குப் பதில் சொல்வதுபோல் உள்ளேயிருந்து ஒரு உதை. ஒன்று பிறப்பதற்கு முன்பே இரண்டு பேரும் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று இவர் மிடில் பெர்த்திலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பார். பாத்ரூமுக்கு எழுந்து போனதெல்லாம் நான்தானே.

கும்பகோணத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. அறை எடுத்துக் குளித்ததும் முதல் வேலை இட்லி. வெறும் வயிற்றோடுதான் சாமி பார்ப்பேன் என்கிற வைராக்கியத்தை இந்த ஒன்பது மாதத்துக்கு ஒத்தி வைத்துவிடலாம். வரிசையில் மயங்கி விழுந்தால் அம்பாளுக்கு என்ன மகிழ்ச்சி? கும்பகோணம் வந்து டிகிரி காபி குடிக்காமல் எப்படி என்று ஒரு காபி. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது என்பதால் அதைப் பிற்பாடு போட்டுக்கொண்டேன்.

காரில் சீட் பெல்ட் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் வரவேண்டும். வயிற்றின் குறுக்கே போடக்கூடாது. பெல்ட்டே போடாமல் இருப்பது அதைவிடத் தப்பு. மெதுவாகப் போங்கள் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிரைவர் அண்ணனே, “நம்ம வண்டியில திருக்கருகாவூர் வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தாம்மா, ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு மனப்பாடம்” என்றார். சொன்னபடியே ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தாத குறையாக ஏற்றி இறக்கினார். பாபநாசம் என்றதும் திருநெல்வேலிப் பக்கத்து அருவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். அங்கேயிருந்து தெற்கே சில கிலோமீட்டரில், வெட்டாற்றங்கரையில் இருக்கிறது ஊர்.

தல வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். நித்துருவ முனிவரும் மனைவி வேதிகையும் பிள்ளை இல்லாமல் இறைவனை வேண்டி, வேதிகை கருவுற்றாள். கணவர் வெளியே போயிருந்த நேரம், ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலில் வந்து நின்றார். கர்ப்பத்தின் அசதியில் அவளால் எழுந்து போய் அவரை உபசரிக்க முடியவில்லை. அவர் கோபத்தில் சபித்துவிட்டுப் போக, கரு கலைகிற நிலைமை வந்தது. வேதிகை அழுது முறையிட்டாள். அம்பாள் அந்தக் கருவை ஒரு தெய்வீகக் குடத்தில் வைத்துக் காத்து, மாதம் நிறைந்ததும் நைதுருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுத்தாள். பிள்ளைக்குப் பாலூட்டக் காமதேனு வந்து, குளம்பால் நிலத்தைக் கீறிப் பாற்குளத்தை உண்டாக்கியது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. முனிவர்களைக் காக்க வைக்கக்கூடாது என்பதற்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கையில் வேறு மாதிரி இருக்கிறது. அவள் செய்தது என்ன? அசந்துபோய்ப் படுத்திருந்தாள், அவ்வளவுதான். காலிங் பெல் அடித்தும் எழுந்திருக்க முடியாமல் சோபாவில் கிடந்த மத்தியானங்கள் எனக்கும் தெரியும். அம்பாள் வந்து, ‘நீ எழுந்து போயிருக்க வேண்டும்’ என்று வேதிகைக்கு உபதேசம் செய்யவில்லை. சாபம் கொடுத்தவர் எத்தனை பெரிய தபசியானாலும் சரி, எழுந்திருக்க முடியாதவள் பக்கம்தான் நின்றாள். இந்த ஒன்றுக்காகவே இந்தக் கோயிலுக்கு வரவேண்டும் என்று எனக்கு இருந்தது.

சுவாமி முல்லைவனநாதர். தலவிருட்சமும் முல்லைக்கொடிதான். லிங்கம் புற்று மண்ணால் ஆன சுயம்பு என்பதால் தண்ணீரால் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இதை இவர் தாழ்ந்த குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மகள் காதில் ‘தண்ணீர் கிடையாது’ மட்டும் விழுந்துவிட்டது.

“சாமி குளிக்கலையா?”

“இந்தச் சாமி மண்ணும்மா, தண்ணி ஊத்தினா கரைஞ்சிடும்.”

“நானும் மண்ணு.”

பின்னால் நின்றிருந்த பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காலையில் அறையில் குளிக்கமாட்டேன் என்று அவள் போட்ட கூச்சல் பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் குளியல் நேரத்தில் இந்த நியாயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுவாமி சந்நிதியைப் பார்த்துவிட்டு அம்பாள் சந்நிதிக்குப் போவதற்குள் ‘தூக்கு’ ஆரம்பித்துவிட்டது. அப்பா தூக்கக்கூடாது, அம்மாதான் தூக்க வேண்டும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பிள்ளையை எப்போதாவது தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் முதுகை வளைத்து வெடுக்கென்று தூக்கக்கூடாது, முழங்காலை மடக்கி இறங்கித்தான் தூக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே அப்படி உட்கார்ந்து எழுவதெல்லாம் நடக்கிற காரியமா? அதனால் எங்களுக்குள் ஒரு உடன்படிக்கை. நான் தூக்கமாட்டேன், உட்காருவேன், அவள் ஏறிக்கொள்ளலாம். பிரகாரத்தில் எங்கே திண்ணை கிடைத்தாலும் உட்கார்ந்தேன். மடியில் இப்போது பாதி இடம்தான், மீதியை வயிறு எடுத்துக்கொண்டது. அவள் அந்த மிச்சத்தில் ஒரு தொடைமேல் தொற்றிக்கொண்டு, வயிற்றைத் திண்டு மாதிரி வைத்துச் சாய்ந்துகொள்வாள். வெயில் ஏற ஏறக் கருங்கல் தளம் சுட ஆரம்பித்துவிட்டது. பெரியவர்கள் நிழல் பார்த்துக் கால் வைத்துப் போய்விடுவோம், பிள்ளைக்குத் தெரியாது. கைப்பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தது புண்ணியம்.

கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் இரண்டு விதமான பெண்கள் வருகிறார்கள். பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் அம்பாள் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, நெய்ப் பிரசாதம் வாங்கிப் போய்த் தம்பதியாக 48 நாள் சாப்பிடுவார்கள். என்னைப்போல் வயிற்றில் இருப்பவர்கள் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெய் பூஜித்து வாங்கிப் போவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். மேடிட்ட வயிறும் இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையுமாக அந்தப் பெண்களுக்கு நடுவே நிற்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொண்டேன், என்னமோ அதில் மறைந்துவிடப் போகிற மாதிரி.

கோலமிட்டு எழுந்த ஒரு பெண், விரலெல்லாம் நெய்யோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். மகள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஒரு விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்து, “தோசையா?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, “நீங்க போய் நிம்மதியா சாமி பாருங்க அக்கா, நான் வச்சிருக்கேன்” என்று கையை நீட்டினார். யாரிடமும் போகாதவள், போனாள். இவர் அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போயிருந்தார். நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

அம்பாள் இடது கையை வயிற்றுக்குக் கீழே தாங்கினாற்போல் வைத்து நிற்கிறாள். நானும் சில மாதங்களாக என்னை அறியாமல் அப்படித்தான் நிற்கிறேன். இந்த ஒரு நிமிஷத்துக்காக வழியெல்லாம் என்னென்னவோ வேண்டுதல்கள் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விழுந்து கும்பிடவும் முடியாது. கை குவித்து நின்றேன். பின்னால் மகளின் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் கண்ணை மூடக்கூட இல்லை. தீபம் காட்டினார்கள். இவளையும் அதையும் பார்த்துக்கொள், பின்னால் நிற்கிறவளுக்கும் கொடு. அவ்வளவுதான் வந்தது.

திரும்பினால் அந்தப் பெண்ணின் சேலை முந்தானையில் நெய்க்கறை, மகளின் கன்னத்திலும் நெய். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எண்ணெய்ப் பிரசாதம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவ வலி வரும்போது அடிவயிற்றில் தடவிக்கொள்ளத்தான் அது, குடிப்பதற்கு இல்லை. விளக்கெண்ணெய் உள்ளே போனால் வயிற்றைக் கலக்கிவிடும், கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டிவிடலாம். எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டியபோது, “தாராளமா தடவிக்கோங்க, ஆனா தடவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்காம உடனே கிளம்பி வந்துடுங்க” என்றார். சின்னவள் கைக்கு எட்டாத இடம் ஒன்றை வீட்டில் தேடி, கடைசியில் ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்திருக்கிறோம்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலர் பஞ்ச ஆரண்யம், அதாவது ஐந்து வனம் என்று சொல்லப்படுகிற தலங்கள் ஐந்தையும் ஒரே நாளில் தரிசிப்பார்கள். திருக்கருகாவூரில் உஷக்கால தரிசனம், அப்புறம் அவளிவணல்லூர், உச்சிக்கு அரித்துவாரமங்கலம், மாலையில் ஆலங்குடி, அர்த்தஜாமத்துக்குத் திருக்கொள்ளம்புதூர். எங்களுக்கு ஒன்றே போதும் போதும் என்றாகிவிட்டது. நடை சாத்துவதற்குள் வெளியே வந்து, வண்டியில் ஏறியதும் நானும் மகளும் தூங்கிவிட்டோம்.

பிரசவம் ஆனபின் குழந்தையை அம்பாள் சந்நிதியில் தங்கத் தொட்டிலில் போட்டு எடுக்கிற வழக்கம் இருக்கிறது. நாங்களும் நேர்ந்துகொண்டிருக்கிறோம். அப்போது வரும்போது விட்டுப்போன நாலு கோயில்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று இவர் இப்போதே திட்டம் போடுகிறார். கைக்குழந்தை ஒன்று, குளிக்கமாட்டேன் என்கிற மண்ணுச் சாமி ஒன்று, விடியற்காலையிலிருந்து அர்த்தஜாமம் வரை ஐந்து கோயில். ஆலங்குடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.